நிலுவை என்ற மாறியை யார் தொடலாம்?

கேள்வி: பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கங்களுக்கான கணக்கு மென்பொருளை ஜாவாவில் எழுதும் ஐந்து பேர் கொண்ட குழுவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எல்லா மாறிகளையும் பிரைவேட் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பைப் படித்துத் தரும் கெட்டரும் மதிப்பை மாற்றும் செட்டரும் எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதாவிட்டால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் குறையும். இங்கே எங்கள் அணித் தலைவர் எல்லாவற்றையும் பப்ளிக், அதாவது எந்தக் கோப்பிலிருந்தும் தொடலாம், என்றே விடுகிறார். "எல்லாம் நாம் எழுதுகிற கோடுதானே, யாரிடமிருந்து ஒளித்து வைக்கிறோம்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், செட்டர் வைத்துவிட்ட பிறகு பிரைவேட்டுக்கும் பப்ளிக்குக்கும் என்ன வேறுபாடு என்பதே எனக்கும் புரியவில்லை. பைத்தானில் எழுதும் என் தோழி, அங்கே பிரைவேட் என்பதே கிடையாது என்கிறாள். உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்ணையாவது பிரைவேட் ஆக்கினால் பாதுகாப்பாக இருக்குமே என்றேன். தலைவர் அதையும் ஏற்கவில்லை. எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் தலைவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நேர்மையான பதில், யாரிடமிருந்தும் ஒளிக்கவில்லை என்பதுதான். பிரைவேட் என்ற பெயரைக் கேட்டதும் அந்தரங்கம், ரகசியம் என்று நம் மனம் போய்விடுகிறது. ஆனால் நாம் எழுதுவதைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கம்பைலர் அந்தச் சொல்லைக் கண்டதும் செய்கிற வேலை மிகவும் எளிமையானது: அந்த மாறியின் பெயரை அந்த கிளாஸுக்கு (மாறிகளையும் அவற்றுக்கான செயல்களையும் சேர்த்துக் கட்டிய பகுதிக்கு) வெளியே எவரும் எழுத விடாமல் தடுக்கிறது, அவ்வளவே. அந்த எளிய வேலையால் நமக்குக் கிடைப்பது பெரிது. அந்த மாறியில் தவறான மதிப்பு ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால், அதற்குக் காரணமான வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது நமக்கு முன்பே தெரியும். மற்ற கோப்புகளைத் திறக்கவே வேண்டியதில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டில், ஒரு கிடங்கின் சரக்கு இருப்பைக் கணக்கிடும் மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு நாள் இருப்பு எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. கிடங்கில் இல்லாத மூட்டையை எப்படி வெளியே அனுப்ப முடியும்? அந்த மாறி பப்ளிக். தேடிப் பார்த்தபோது அதில் மதிப்பை எழுதும் இடங்கள் 34 இருந்தன. அவை 11 கோப்புகளில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு வரியையும் எழுதியவர் தம்மளவில் சரியாகவே எழுதியிருந்தார். ஒருவர் சரக்கு வாசலைத் தாண்டும்போது கழித்தார், இன்னொருவர் பில் போடும்போது கழித்தார், கழிக்க வேண்டியது தம் பொறுப்பு என்று இருவருமே நம்பியிருந்தார்கள். கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. திருத்தம் ஒரே ஒரு வரி. அந்த நான்கு நாளில் என் குழுவைத் தவிர வேறு யாரும் அந்தக் கோடைத் தொட்டதே இல்லை. "எல்லாம் நாம் எழுதுகிற கோடுதானே" என்பது அங்கேயும் உண்மையாகத்தான் இருந்தது.

இனி உங்கள் துறைக்கே வருவோம். காலையில் ஓர் உறுப்பினர் 8 லிட்டர் பால் ஊற்றுகிறார். மாதிரி எடுத்துக் கருவியில் வைத்துக் கொழுப்பையும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவையும் பார்க்கிறார்கள். அந்த இரண்டையும் கொண்டு லிட்டருக்கான விலை வருகிறது. 38 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொகை 304 ரூபாய். அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப்., விலை, தொகை ஆகிய ஐந்தும் பால்வரவு என்ற கிளாஸில் ஐந்து பப்ளிக் மாறிகளாக இருக்கின்றன. அரை மணி நேரம் கழித்து, மாதிரிக் குப்பி மாறிவிட்டது என்று தெரிந்து மறுபரிசோதனை செய்கிறார்கள். திருத்தும் திரையை எழுதிய உங்கள் சக ஊழியர், கொழுப்பு என்ற மாறியில் புதிய எண்ணை நேராக எழுதிவிடுகிறார். கொழுப்பு மாறிவிட்டது, ஆனால் விலை பழைய 38, தொகை பழைய 304 என்றே நிற்கின்றன. புதிய கொழுப்புக்கு உரிய விலை 36 ரூபாய் 50 காசு என்றால், அந்த உறுப்பினருக்கு வர வேண்டியது 292 ரூபாய். கம்பைலர் எதுவும் சொல்லவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. பட்டுவாடா நாளன்று கூட்டுத்தொகை 12 ரூபாய் உதைக்கும்போதுதான், எங்கோ ஏதோ கோளாறு என்று தெரியவரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கொழுப்பு என்பது தனித்து நிற்கும் எண்ணாக இருந்திருந்தால் பப்ளிக் ஆக விட்டதில் கேடு ஒன்றுமில்லை. அது விலையோடும், விலை வழியாகத் தொகையோடும் முடிச்சுப் போடப்பட்ட எண். ஒன்று மாறினால் மற்றவையும் சேர்ந்து மாற வேண்டும் என்ற விதி அவற்றுக்கிடையே இருக்கிறது. நான் எந்த மாறியைப் பார்த்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்த மாறி காப்பாற்ற வேண்டிய விதி ஏதாவது உண்டா? பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது, இன்னொரு மாறியோடு ஒத்துப்போக வேண்டும், ஒருமுறை எழுதினால் பிறகு மாறக்கூடாது என்று ஏதேனும் ஒரு விதி இருந்தால், அதைக் காக்கிற பொறுப்பு ஒரே கிளாஸின் கையில் இருக்க வேண்டும், அந்த மாறி பிரைவேட் ஆக வேண்டும். விதியே இல்லையென்றால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்து, செட்டர் வைத்துவிட்டால் என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். வேறுபாடு அனேகமாக இல்லை. உங்களுக்கு எழுந்த ஐயம் முற்றிலும் நியாயமானது. கொழுப்பை பிரைவேட் ஆக்கிவிட்டு, வந்த எண்ணை அப்படியே உள்ளே எழுதும் ஒரு செட்டரைப் பொத்தானை அழுத்தி எடிட்டரிடமிருந்து வாங்கிக்கொண்டால், திருத்தும் திரையை எழுதியவர் இந்த முறை அந்த செட்டரை அழைப்பார். தொகை அப்போதும் 304 என்றே நிற்கும். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததில் பாதிதான் சரி என்பேன். மாறியை மூடச் சொன்னார்கள். மூடிய கையோடு ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கதவு வெட்டவும் சொல்லிவிட்டார்கள்.

செட்டருக்குப் பதிலாக, சங்கத்தில் உண்மையில் நடக்கிற செயலின் பெயரில் ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) எழுதுங்கள். சங்கச் செயலாளர் எவரும் "கொழுப்பை 4.1 என்று அமை" என்று சொல்வதில்லை, "மறுபரிசோதனை செய்தோம்" என்றுதான் சொல்வார். ஆகவே பால்வரவு கிளாஸில் மறுபரிசோதனை என்றே ஒரு மெத்தட் இருக்கட்டும். புதிய கொழுப்பு, புதிய எஸ்.என்.எஃப்., திருத்தியவர், காரணம் ஆகிய நான்கையும் அது கேட்டு வாங்கி, எண்கள் நம்பத்தகுந்த எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து, விலையையும் தொகையையும் தானே புதிதாகக் கணக்கிட்டு, பழைய மதிப்பைத் திருத்தப் பதிவில் எழுதி வைக்கும். அதைத் தவிரக் கொழுப்பை மாற்றுவதற்கு வேறு வழியே இருக்கக்கூடாது. உறுப்பினரின் நிலுவையும் இப்படித்தான்: பால் தொகையை வரவு வைப்பது, தீவனக் கடனைப் பிடித்தம் செய்வது, பட்டுவாடா செய்வது என்று மூன்று செயல்கள் உண்டு. நிலுவையை அமைப்பது என்று ஒரு செயல் எந்தச் சங்கத்திலும் கிடையாது. ஆகையால் அதற்கு செட்டரும் கிடையாது.

காலையில் இரண்டு கவுண்டர்களில் பதிவு நடக்கும் சங்கத்தில், இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நிலுவையோடு தொகையைக் கூட்டி நிலுவையில் எழுது என்பது பார்க்க ஒரு வரி. கணினிக்கு அது படிப்பது, கூட்டுவது, எழுதுவது என்று மூன்று வேலை. ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள், அதாவது த்ரெட்கள், ஒரே மதிப்பைப் படித்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் ஒரு வரவு காணாமல் போகும். மாறி பிரைவேட் என்றால் வரவு, பிடித்தம், பட்டுவாடா ஆகிய மெத்தட்களோடு நிலுவையைப் படிக்கிற மெத்தட்டையும், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். பப்ளிக் மாறியைத் தொடும் எல்லோரும் பூட்டு வழியாகத்தான் வருகிறார்கள் என்று உறுதிசெய்ய வழியே இல்லை.

கெட்டர் தீங்கற்றது என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணோ எழுத்துச் சரமோ திருப்பித் தருகிற வரையில் அது சரி. ஆனால் உறுப்பினரின் பால்வரவுப் பட்டியலை ஒரு பிரைவேட் மாறியில் வைத்துக்கொண்டு, கெட்டர் வழியாக அந்தப் பட்டியலையே எடுத்துக் கொடுத்தால், வாங்கியவர் அதில் ஒரு பதிவைச் சேர்க்கலாம், நீக்கலாம், எல்லாவற்றையும் அழித்தும் விடலாம். உங்கள் கிளாஸுக்கு அது தெரியவே தெரியாது. அச்சிடும் பகுதியை எழுதியவர், தேதி வாரியாக வரிசைப்படுத்துவதற்காக உங்கள் பட்டியலையே கலைத்துப் போட்டிருப்பார். ஜாவா 10 முதல் இருக்கிற லிஸ்ட்.காப்பிஆஃப் என்ற மெத்தட், மாற்ற முடியாத பிரதி ஒன்றைத் தருகிறது; அதைக் கொடுங்கள். உங்கள் கோடில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இதுவரை சொன்னது தவறு நேராமல் காப்பது பற்றியது. பிரைவேட்டின் இரண்டாம் பயனை உங்கள் தலைவர் இன்னும் எளிதாக ஏற்பார் என்று நினைக்கிறேன். அது பின்னாளில் மனம் மாற்றிக்கொள்ளும் உரிமை. இன்று நிலுவையை டபுள் என்ற தசமப் புள்ளி எண் வகையில் ரூபாயாக வைத்திருப்பீர்கள். டபுளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஆயிரம் உறுப்பினர்களின் கணக்கில் இது சேர்ந்து காசு உதைக்கும். அப்போது முழு எண்ணில், பைசாவாக வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பீர்கள். அல்லது, அளவை லிட்டரில் வைத்திருப்பீர்கள். தராசு வந்ததும் எடையில் வைப்பது மேல் என்று தோன்றும். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ என்பதால், ஒன்றை மற்றதாக எண்ணி எழுதிய ஒவ்வொரு வரியும் மூன்று சதவீதம் பிசகும். மாறி பிரைவேட் என்றால் இந்த மாற்றம் ஒரு கோப்பில் ஒரு பிற்பகல் வேலை. பப்ளிக் என்றால் மென்பொருள் முழுவதையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று, எழுத்துச் சரங்களைத் தாங்கும் ஜாவாவின் ஸ்ட்ரிங் கிளாஸ். தொடக்கத்தில் அதற்குள் எழுத்துகளை வரிசையாகத் தாங்கும் ஒரு கேர் அரே இருந்தது. அதோடு எங்கே தொடங்குவது, எத்தனை எழுத்து என்று சொல்லும் இரண்டு முழு எண்களும் இருந்தன. ஒரு பெரிய சரத்திலிருந்து சிறு துண்டை சப்ஸ்ட்ரிங் மூலம் எடுத்தால் எதுவும் நகலெடுக்கப்படாது. அதே அரேயைப் பகிர்ந்துகொண்டு, தொடக்கமும் எண்ணிக்கையும் மட்டும் மாறும். வேகமான முறைதான். ஆனால் பத்து எழுத்துத் துண்டுக்காகப் பல மெகாபைட் அரே நினைவகத்தில் தங்கிவிடும் சிக்கல் இருந்தது. 2012இல் வந்த ஜாவா 7இன் ஆறாவது புதுப்பிப்பில் அந்த இரண்டு எண்களையும் நீக்கிவிட்டு, துண்டைத் தனி அரேயில் நகலெடுக்கும் முறைக்கு மாறினார்கள். பிறகு 2017இல் வந்த ஜாவா 9இல் கேர் அரேயையே எடுத்துவிட்டு பைட் அரே வைத்தார்கள். லத்தீன் எழுத்துகள் மட்டும் உள்ள சரத்தில் எழுத்துக்கு ஒரு பைட், மற்றவற்றில் இரண்டு பைட்.

முருகேசன் என்ற பெயரைத் தமிழில் எழுதினால் கணினி அதை 9 குறிகளாக எண்ணுகிறது: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ஏகாரக் குறி, ச, ன, புள்ளி. ஆங்கில எழுத்தில் எழுதினாலும் 9 எழுத்துதான். ஜாவா 8 வரை இரண்டுக்கும் எழுத்துகளுக்கு மட்டும் 18 பைட் ஆனது. ஜாவா 9இல் ஆங்கில எழுத்துப் பெயர் 9 பைட்டாகக் குறைந்தது. தமிழ்ப் பெயர் 18 பைட்டிலேயே இருக்கிறது. உங்கள் உறுப்பினர் பட்டியலும் இதற்கு உட்பட்டதுதான். உங்கள் குழுவில் எவராவது இதற்காக ஒரு வரியை மாற்றியிருப்பார்களா? இரண்டு முறை குடலையே மாற்றி வைத்தும், உலகெங்கும் ஸ்ட்ரிங்கைப் பயன்படுத்தும் நிரல்கள் கம்பைல் ஆயின, அதே விடையைத் தந்தன. ஏனென்றால் அந்த மாறிகள் முதல் நாளிலிருந்தே பிரைவேட். ரிஃப்ளெக்ஷன் (நிரல் ஓடும்போதே கிளாஸின் உட்பகுதியைத் தொடும் வசதி) போன்ற பின்வாசல்கள் வழியாக உள்ளே கைவிட்டு அந்த அரேயை எடுத்துவந்த சில நூலகங்கள் மட்டும் ஜாவா 9இல் உடைந்தன.

இதற்கு நேர் எதிரான பாடமும் ஜாவாவிலேயே இருக்கிறது. திரையில் ஒரு பெட்டியின் அளவைச் சொல்லும் டைமென்ஷன் என்ற கிளாஸில் அகலமும் உயரமும் பப்ளிக் மாறிகள். எவரும் மாற்றலாம் என்பதால், ஒரு பெட்டியிடம் அதன் அளவைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஒரு டைமென்ஷன் பொருளை உண்டாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பதைக் கொடுத்தால் வாங்கியவர் பெட்டியின் அளவையே குலைத்துவிடலாம். ஜாவா 1.2இல் அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே எண்ணாகத் தரும் மெத்தட்களைச் சேர்த்தார்கள். பப்ளிக் மாறிகளை மட்டும் இன்றுவரை எடுக்க முடியவில்லை. எடுத்தால், அவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடையும்.

மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னஸ் 1972இலேயே இதை எழுதிவிட்டார். ஒரு சிறிய நிரலை இரண்டு விதமாகப் பகுத்துக் காட்டினார்: வேலை நடக்கும் வரிசைப்படி ஒன்று, பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒவ்வொரு பகுதிக்குள் அடைத்து வைக்கும் முறைப்படி இன்னொன்று. இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆனால் மாற்றம் என்று வந்தபோது முதலாவதில் பல பகுதிகளைத் திறக்க வேண்டியிருந்தது, இரண்டாவதில் ஒன்று போதுமாயிற்று. அவர் ஒளிக்கச் சொன்னது முடிவுகளை. பைசாவா ரூபாயா, லிட்டரா கிலோவா என்பவை உங்கள் மென்பொருளில் அப்படிப்பட்ட முடிவுகள்.

உங்கள் தலைவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. விதி எதுவும் இல்லாத, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மதிப்புகளைக் கொண்டுசேர்க்கும் சிறு பொருள்கள் உண்டு. அறிக்கையின் ஒரு வரி, தேடலுக்கான தேதி வரம்பு போன்றவை. அவற்றுக்கு ஆறு கெட்டரும் ஆறு செட்டரும் எழுதுவது படிப்பவர் கண்ணுக்குத்தான் சுமை. 2021இல் வந்த ஜாவா 16 முதல் ரெக்கார்ட் என்ற அமைப்பு நிலையாகக் கிடைக்கிறது. அதில் மாறிகளின் பெயர்களை ஒருமுறை எழுதினால் போதும், மதிப்புகளைப் பிறகு மாற்ற முடியாது, படிக்கும் மெத்தட்களைக் கம்பைலரே தந்துவிடும். தலைவரிடம் முதலில் இதை எடுத்துக் காட்டுங்கள். அவருக்கு வேண்டிய எளிமையும் உங்களுக்கு வேண்டிய காப்பும் இதில் சேர்ந்து கிடைக்கின்றன. ஒரே பேக்கேஜுக்குள் (கிளாஸ்களின் தொகுப்புக்குள்) நெருங்கி வேலை செய்யும் இரண்டு மூன்று கிளாஸ்களுக்கு இடையே, எந்தச் சொல்லும் எழுதாமல் விடுகிற பேக்கேஜ் அளவிலான அனுமதியும் போதும்; அது உங்கள் பேக்கேஜுக்கு வெளியே கசியாது.

மாறிலிகளையும் பப்ளிக் ஆக விடலாம். இன்டிஜர் எனும் முழு எண் வகையின் மிகப்பெரிய மதிப்பு, கணிதத்தின் பை (π) போன்றவற்றை ஜாவாவே அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆனால் இதில் ஒரு பொறி இருப்பதை உங்கள் குழு தெரிந்துகொள்ள வேண்டும். பப்ளிக் ஸ்டாட்டிக் ஃபைனல் என்று எழுதிய எண்ணின் மதிப்பை, அதைப் பயன்படுத்தும் கிளாஸ்களுக்குள் ஜாவா கம்பைலர் நேராகவே பதித்துவிடுகிறது. பாலின் அடிப்படை விலையை இப்படி எழுதிவைத்து, விலை ஏறிய அன்று அந்த ஒரு கோப்பை மட்டும் கம்பைல் செய்து, அது இருக்கும் ஜாரை (கம்பைல் ஆன கிளாஸ்களின் பொதியை) மாற்றினால், மற்ற ஜார்கள் பழைய விலையையே போட்டுக்கொண்டிருக்கும். என்றாவது மாறக்கூடிய மதிப்பு மாறிலி ஆகாது; அதை ஒரு மெத்தட் வழியாகக் கொடுங்கள். அழைப்புக்கு நேரமாகும் என்று யாராவது சொன்னால், நிரல் ஓடும்போதே வேலை செய்யும் ஜாவாவின் ஜிட் கம்பைலர் இத்தகைய சிறு மெத்தட்களை அழைக்கும் இடத்திலேயே விரித்துவிடுகிறது என்று சொல்லுங்கள்.

தோழி சொல்வது உண்மைதான். பைத்தானில் தடுக்கும் பிரைவேட் இல்லை. பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு இட்டால், இது உள்வேலைக்கு உரியது, வெளியிலிருந்து தொட வேண்டாம் என்று பொருள். அது ஒரு வழக்கம், காவல் அல்ல. இரண்டு அடிக்கோடு இட்டால் பெயரோடு கிளாஸின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். அது துணை கிளாஸ்களில் பெயர் மோதாமல் இருப்பதற்காக. ஆனால் அங்கே ஜாவாவில் இல்லாத ஒரு வசதி உண்டு. மாறியைத் திறந்தே விட்டு எழுதத் தொடங்கி, ஒரு நாள் அதற்கு விதி தேவைப்படும்போது, அதே பெயரில் அதை ப்ராப்பர்ட்டியாக மாற்றிவிடலாம். பயன்படுத்துபவர் எழுதிய வரி அப்படியே இருக்கும், உள்ளே ஒரு மெத்தட் ஓடும். மனம் மாற்றிக்கொள்ளும் உரிமை பின்னாலும் கிடைக்கும் என்பதால்தான் அவர்கள் தொடக்கத்தில் திறந்து விடத் துணிகிறார்கள். ஜாவாவில் மாறியை மெத்தட்டாக மாற்றினால் அழைக்கும் வரிகள் எல்லாம் மாற வேண்டும். ஆகவே இங்கே முதல் நாளே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மொழியின் நல்வழக்கத்தை இன்னொரு மொழிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. கோ மொழியில் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் வெளியே தெரியும், சிறிய எழுத்தென்றால் தெரியாது. பெரிய எழுத்து என்பதே இல்லாத நம் தமிழில் பெயர் வைத்தால், அது எப்போதும் உள்ளுக்குள்ளேயே நின்றுவிடும். தமிழில் நிரல் எழுத ஆசைப்படுகிற எனக்கு அது வருத்தம்தான்.

வங்கிக் கணக்கு எண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் உங்கள் தலைவர் பக்கம், அதுவும் உறுதியாக. பிரைவேட் என்பது பிழையிலிருந்து காக்கும், திருட்டிலிருந்து காக்காது. ரிஃப்ளெக்ஷன் வழியாக ஒரு பிரைவேட் மாறியைத் திறந்து படிக்கலாம், நினைவகத்தை நகலெடுத்துப் பார்க்கலாம், நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் நீங்களே அச்சிட்டிருந்தால் அதுவும் போதும். கணக்கு எண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தரவுத்தளத்தில் அதை மறைகுறியாக்கி வைப்பது, யார் பார்க்கலாம் என்ற அனுமதியைக் கட்டுப்படுத்துவது, திரையில் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டுவது, லாகில் வராமல் பார்ப்பது ஆகியவைதான் வழி. உறுப்பினர்கள் நம்மை நம்பிக் கொடுத்த எண் அது. பிரைவேட் என்று எழுதிவிட்டோம் என்ற நிம்மதியில் இவற்றைச் செய்யாமல் இருந்துவிடக்கூடாது. இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் கிளாஸில் நிலுவை எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், அறிக்கைப் பிரிவில் ஒருவர் தரவுத்தள அட்டவணையில் நேராக ஓர் அப்டேட் கட்டளை எழுதினால் உங்கள் விதி எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். தரவுத்தளத்தில் எழுதும் உரிமையை உங்கள் மென்பொருளுக்கு மட்டும் வைத்து, அறிக்கைப் பிரிவுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள்.

துணை கிளாஸ்களும் தொடலாம் என்ற அனுமதியான புரொடெக்டட் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சமரசம் பேசும்போது யாராவது அதைக் கொண்டுவருவார்கள். மாறிகளுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். சி பிளஸ் பிளஸ் மொழியில் அது வரக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான மார்க் லிண்டன், தம் நூலகத்துக்காக அதைக் கேட்டு வாங்கியவர், சில ஆண்டுகள் கழித்து அதே நூலகத்தில் புரொடெக்டட் மாறிகளைத் தடை செய்துவிட்டார் என்று மொழியை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் பதிவு செய்திருக்கிறார். பிழைகள் அங்கிருந்து வந்தன என்பதே காரணம்.

இனி எங்கே தொடங்குவது? மென்பொருள் முழுவதையும் ஒரே வாரத்தில் மாற்றப் புறப்படாதீர்கள். குழுவோடு சண்டைதான் மிஞ்சும். தலைவரிடம் சொல்லிவிட்டு, கோடின் ஒரு தனிக் கிளையில் (தனிப் பிரதியில்), கொழுப்பு என்ற ஒரே மாறியை எடுத்துக்கொள்ளுங்கள். பப்ளிக் என்ற சொல்லை பிரைவேட் என்று மாற்றிக் கம்பைல் செய்யுங்கள். கம்பைலர் காட்டும் பிழைகளின் பட்டியல்தான், இதுநாள்வரை அந்த மாறியை வெளியிலிருந்து தொட்டுக்கொண்டிருந்த எல்லா இடங்களும். அந்தப் பட்டியலை அச்சிட்டு, படிக்கும் இடங்களைப் பச்சையிலும் எழுதும் இடங்களைச் சிவப்பிலும் குறியுங்கள். பச்சைக்கு ஒரு கெட்டர் போதும். சிவப்பு ஒவ்வொன்றின் அருகிலும், அந்த வரியை எழுதியவர் உண்மையில் என்ன செய்ய நினைத்தார் என்று எழுதுங்கள்: புதிய பதிவா, மறுபரிசோதனையா, கருவியின் அளவுத்திருத்தமா? அந்தச் சொற்களே உங்கள் மெத்தட்களின் பெயர்கள். சிவப்பு வரிகளில் எத்தனை இடத்தில் தொகை மறுபடி கணக்கிடப்படவில்லை என்றும் பாருங்கள். ஓர் இடமாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன். கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போங்கள். ஜாவா பொருள்களைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேபிஏ செட்டர் கேட்கிறது என்று அவர் சொல்லக்கூடும். பதிவின் அடையாளத்தைக் காட்டும் ஐடி குறிப்பை மாறியின் மேலேயே வைத்தால் அது பிரைவேட் மாறியை நேராகவே படித்து எழுதும், செட்டர் வேண்டியதில்லை.

கொழுப்பு முடிந்த பிறகு நிலுவையை எடுங்கள். அதில் சிவப்பு அதிகமாக வரும். ஒரு முழு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், பட்டுவாடா வாரமாக மட்டும் இருக்க வேண்டாம்.